கத்தியா, கதிரா? ஆரம்ப நிலை வாய்ப்புற்று: வாசகர் கேள்வி – பதில்

வாய் என்று இங்கே சொல்வது உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு, நாக்குக்கு அடியிலுள்ள பகுதி, கடின அண்ணம் ஆகியவற்றை. டான்சிலும் நாக்கின் வேரும் தொண்டைக் கணக்கில் சேரும். அங்கே வைத்தியக் கணக்கே வேறு. அந்த நோயாளியின் அனுபவத்தை இந்த நோயாளிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கே: என் அப்பாவுக்கு 61 வயது. நாக்கின் வலது ஓரத்தில் ஒன்றரை செ.மீ. புண். பயாப்ஸியில் புற்று என்று வந்துவிட்டது. கழுத்தில் நெறி எதுவும் கட்டவில்லை. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். சொந்தக்காரர்களோ, "கத்தி வைத்தால் பரவிவிடும், கரண்ட் வைத்தாலே கரைந்துவிடும்" என்கிறார்கள். எதைக் கேட்பது?

ப: டாக்டர் சொல்வதை. கத்தி வைத்தால் பரவும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. முழுதாக எடுக்காமல் விட்டால் மிச்சமிருப்பது வளரும். அதைப் பார்த்தவர்கள் கட்டிவிட்ட பேச்சு அது. 'கரண்ட்' என்ற பெயரும் எப்படியோ ஒட்டிக்கொண்டதுதான். மின்சாரம் எதுவும் உடம்புக்குள் போவதில்லை. போவது சக்தி கூடிய எக்ஸ்ரே.

கதிர்வீச்சும் சின்ன வாய்ப்புற்றைக் குணப்படுத்தக்கூடியதே. ஆனாலும் வாயில் அதற்கு இரண்டாம் இடம்தான். முதல் காரணம், ஆபரேஷன் கையில் ஒரு ரிப்போர்ட்டைக் கொடுக்கிறது. வெட்டி எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, சுற்று விளிம்பு சுத்தமா, நரம்பைச் சுற்றிக்கொண்டதா, கழுத்துக் கணுவில் (நிணநீர் முடிச்சில்) ஒளிந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். கதிரில் புண் மறைந்துபோகும். இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காமலே போகும்.

இரண்டாவது, இடம். நாக்கை ஒட்டியே கீழ்த்தாடை எலும்பும் பற்களும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இருக்கின்றன. புற்றை அழிக்க 66 முதல் 70 கிரே (கதிரை அளக்கும் அலகு) வரை கதிர் தேவை. எவ்வளவு நுட்பமான இயந்திரமானாலும் அதில் ஒரு பங்கு இவற்றின் மேலும் விழும். வாய் வறட்சி, பல் சொத்தை, தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் எல்லாம் அதன் விளைவு. புண் ஆறிவிடும், வறட்சி பலருக்குக் கூடவே தங்கிவிடும்.

மூன்றாவதை வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. ஒரே இடத்துக்கு முழு அளவுக் கதிரைப் பொதுவாக ஒரு முறைதான் கொடுக்க முடியும். ஆபரேஷனுக்குப் பிறகு புற்று திரும்பினால் கதிர் கையிருப்பில் இருக்கும். கதிரை முதலிலேயே செலவழித்துவிட்டால், பிறகு கதிர்பட்டு இறுகிய திசுவில் வெட்ட வேண்டும். அந்தக் காயம் சரியாக ஆறாது. புகையிலையும் பாக்கும் பழகிய வாயில் சில வருடம் கழித்து வேறொரு இடத்தில் புதிய புற்று முளைப்பதும் உண்டு என்பதால் இந்தக் கையிருப்புக்கு மதிப்பு அதிகம்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் குறைவு. கிளாஸ்கோவில் நடந்து 1998-இல் வெளியான ஒன்றில், ஆபரேஷனும் கதிரும் சேர்ந்த சிகிச்சையைக் கதிர் மட்டும் கொடுப்பதுடன் ஒப்பிட்டார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் இறப்பு கூடியதால் 35 பேரோடு நிறுத்திவிட்டார்கள். அதில் நோய் முற்றியவர்களும் இருந்தார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருந்தாது. திசை மட்டும் தெரிகிறது.

விதிவிலக்கு உதடு. சின்ன உதட்டுப் புற்றில் இரண்டும் ஏறக்குறைய சமம். வாயின் கோணத்தில் இருந்தால், வெட்டினால் வாய் திறப்பே சுருங்கும் என்பதால் கதிரைத் தேர்வு செய்வதும் உண்டு.

கே: புண் 1.8 செ.மீ.தான். ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டாம் நிலை என்று போட்டிருக்கிறார்கள். 2 செ.மீ.க்குள் என்றால் முதல் நிலை என்றல்லவா படித்தேன்?

ப: நீங்கள் படித்தது பழைய கணக்கு. 2018 முதல் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்த வகைப்பாட்டில் அகலத்தோடு ஆழமும் சேர்ந்துவிட்டது. 2 செ.மீ.க்குள், ஆழம் 5 மி.மீ.க்குள் என்றால் டி1 ('டி' என்பது கட்டியின் அளவைக் குறிக்கும் எழுத்து). அகலம் 2 செ.மீ.க்குள்ளேயே இருந்தாலும் ஆழம் 5-ஐத் தாண்டி 10 மி.மீ. வரை போனால் டி2. 2 முதல் 4 செ.மீ. அகலமும் 10 மி.மீ.க்குள் ஆழமும் அதே டி2. கழுத்துக் கணுவில் எதுவும் இல்லாத டி1 முதல் நிலை, டி2 இரண்டாம் நிலை. இரண்டுமே ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம்.

ஆணியின் தலையைப் பார்த்து அதன் நீளத்தைச் சொல்ல முடியாது, அதே கதைதான். நாக்கு முழுக்கத் தசை. புற்று உள்ளே இறங்க இறங்க நிணநீர்க் குழாய்கள் எதிர்ப்படும். ஆழத்தைப் புண்ணின் மேற்பரப்பிலிருந்து அளப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல தோலின் மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளப்பார்கள். பூப்போல மேலே தடித்து வளர்ந்த கட்டி பார்க்கப் பெரிதாக இருந்தும் ஆழம் குறைவாக இருக்கும். குழிந்த சின்னப் புண் ஆழமாக இறங்கியிருக்கும். நாக்குக்கு எம்ஆர்ஐ எடுத்தால் ஆபரேஷனுக்கு முன்பே ஆழத்தை ஓரளவு கணிக்கலாம். ஈறு, தாடை என்றால் எலும்பைப் பார்க்க சிடி ஸ்கேன்.

கே: ஸ்கேனில் கழுத்து சுத்தம் என்று வந்திருக்கும்போது கழுத்தையும் ஏன் திறக்கிறார்கள்?

ப: ஸ்கேனில் தெரிய ஒரு கணு கொஞ்சமாவது பெருத்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. அளவில் ஒளிந்திருப்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. கழுத்து சுத்தம் என்று வந்த ஆரம்ப நிலையினரில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு இப்படி ஒளிந்திருக்கிறது.

'முளைத்தால் அப்போது பார்க்கலாமே' என்ற கேள்விக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு பதில் சொன்னது, 2015-இல் வெளியானது. முதல் ஆபரேஷனிலேயே கழுத்துக் கணுக்களையும் எடுத்தவர்களில் 3 ஆண்டு முடிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கணு முளைத்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 69.5-க்கு 45.9. இந்த நோயில் இவ்வளவு தெளிவாகப் பேசும் எண்கள் அபூர்வம். ஆழம் 3, 4 மி.மீ.யைத் தாண்டினால் கழுத்தை எடுப்பது இப்போது வழக்கம். அதற்கும் குறைவான ஆழமென்றால், ஒழுங்காகச் செக்கப்புக்கு வருபவராக இருந்தால், கவனித்துக்கொண்டே இருக்கலாம். அனுபவமுள்ள மையங்களில் கதிரியக்கத் திரவத்தைப் புண்ணைச் சுற்றி ஊசியில் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் 'காவல் கணு'வை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையும் உண்டு.

விலை இல்லாமல் இல்லை. தோளை உயர்த்தும் நரம்பு இந்தக் கணுக்களின் ஊடாகப் போகிறது. அதை வெட்டாமல் விட்டாலும் இழுபட்டதில் சில மாதம் கை தலைக்கு மேல் போக மறுக்கும். காயத்து நீர் வடிய வைத்த டிரெயின் குழாயை எடுத்ததும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு பிசியோதெரபியைத் தொடங்கிவிட வேண்டும். வலிக்கிறது என்று கையை மடக்கியே வைத்திருந்தவர்களுக்குத்தான் தோள் இறுகிப்போகிறது. கீழுதட்டின் ஒரு ஓரம் லேசாகக் கோணுவதும் உண்டு, பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

கே: ஒன்றரை செ.மீ. புண்ணுக்கு நாக்கில் எவ்வளவு போகும்? பேச முடியுமா?

ப: கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும் புற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும், அடியிலும், சுமார் 1 செ.மீ. நல்ல திசுவையும் சேர்த்து எடுப்பார்கள். ஒன்றரை செ.மீ. புண்ணுக்கு மூன்றரை செ.மீ. துண்டு என்று வையுங்கள். இவ்வளவா என்று தோன்றும். ஆனால் நாக்குத் தசை வெட்டியதும் சுருங்கும், திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் இன்னும் சுருங்கும். அறுவை மேசையில் 10 மி.மீ. இருந்த விளிம்பு ரிப்போர்ட்டில் ஏழெட்டு மி.மீ. என்று வருவது சாதாரணம். ரிப்போர்ட்டில் 5 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் சுத்தம். அதற்குக் கீழே என்றால் 'நெருக்கம்'. 1 மி.மீ.கூட இல்லையென்றால் புற்று விளிம்பைத் தொட்டதாகவே பல மையங்கள் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு நுணுக்கம்: எடுத்த துண்டில் எது முன்பக்கம், எது அடி என்று தெரிய வெவ்வேறு நீளத்தில் தையல் போட்டு அடையாளம் வைப்பார்கள். இதைச் செய்யாமல் புட்டியில் போட்டு அனுப்பினால், 'ஒரு விளிம்பில் புற்று இருக்கிறது' என்று ரிப்போர்ட் வரும். வாயில் அது எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

நாக்கில் மூன்றில் ஒரு பங்கு வரை போனால் பொதுவாக விளிம்புகளை அப்படியே சேர்த்துத் தைத்துவிடலாம். அதைவிடப் பெரிதென்றால் முன்கையிலிருந்து தோலை ரத்தக்குழாயோடு எடுத்து வைப்பார்கள். சின்ன ஆபரேஷனில் சில நாள் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியாகத் திரவ உணவு, பிறகு குழைவான உணவு. 'ர', 'ற', 'ழ', 'ல' கொஞ்சம் குழறும். பேச்சுப் பயிற்சி எடுத்தால் சில வாரங்களில் போனில் பேசுபவருக்கே வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பலரும் தேறிவிடுகிறார்கள்.

கே: ஆபரேஷனும் செய்துவிட்டு மறுபடி கதிரும் என்றால் என்ன நியாயம்? முதலிலேயே கதிர் கொடுத்திருக்கலாமே!

ப: கோபம் புரிகிறது. இதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே 'ரிப்போர்ட் வந்த பிறகு கதிர் தேவைப்படலாம்' என்று சொல்லிவிட வேண்டும். கழுத்துக் கணுவில் புற்று இருந்தால், விளிம்பு நெருக்கமாக இருந்தால், நரம்பையோ ரத்தக்குழாயையோ பற்றியிருந்தால், ஆழம் 10 மி.மீ.யைத் தாண்டியிருந்தால் கதிர் பற்றிப் பேசுவார்கள். ஒரே ஒரு கணுவில் மட்டும், வேறு எந்தக் குறையும் இல்லை என்றால் கட்டாயமில்லை, பேசி முடிவெடுக்கலாம். விளிம்பில் புற்று மிச்சம் என்றால், முடிந்த இடத்தில் அந்தப் பக்கத்தை மறுபடி வெட்டி எடுப்பதே முதல் யோசனையாக இருக்க வேண்டும். அது முடியாதபோதும், கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு புற்று வெளியே வந்திருந்தாலும் கதிரோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும்.

இந்தக் கதிரின் வழக்கமான அளவு 60 கிரே. 30 தவணை, 6 வாரம். முதல் சிகிச்சையாகக் கொடுப்பதைவிடக் குறைவு. ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். 'உடம்பு கொஞ்சம் தேறட்டும்' என்று மூன்று மாதம் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்; செய்த ஆபரேஷனின் பலனே குறைந்துபோகிறது.

எல்லாம் சுத்தமாக வந்த முதல் நிலையினருக்குக் கதிரே தேவையில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று யாராவது கொடுக்க முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கே: மாமியாருக்கு 78 வயது, இதயம் பலவீனம். மயக்க மருந்து தாங்காது என்கிறார்கள். கன்னத்தின் உட்புறம் 2 செ.மீ. புற்று. கதிர் மட்டும் போதுமா?

ப: முதலில், 'தாங்காது' என்று சொன்னது யார் என்று பாருங்கள். மயக்கவியல் மருத்துவர் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துச் சொன்னதா, வீட்டில் முடிவு செய்ததா? வயது மட்டும் காரணமாகாது. சின்னப் புற்றை வாய் வழியாகவே எடுப்பது குறைந்த நேர ஆபரேஷன். ஏழு வாரக் கதிர் 78 வயது உடம்புக்கு அதைவிடச் சுலபம் என்று நினைக்க வேண்டாம்.

உண்மையிலேயே முடியாது என்றால் கதிர் இரண்டு வகை. வெளியிலிருந்து கொடுப்பதற்கு, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் வைத்து அச்சு எடுப்பார்கள். சில நிமிடத்தில் இறுகி முகமூடியாகிவிடும். ஒவ்வொரு நாளும் அதைப் போட்டுத்தான் மேசையோடு தலையைப் பிணைப்பார்கள். அதோடு சிடி எடுத்து, எங்கே எவ்வளவு என்று கணினியில் திட்டமிட ஒரு வாரம் வரை ஆகும். பிறகு வாரம் 5 நாள், தினம் பத்துப் பதினைந்து நிமிடம், 33 முதல் 35 தவணை. படும்போது வலிக்காது. உடல் தளர்ந்தவர்களுக்கு 20 தவணையில் 55 கிரே என்று 4 வாரத்தில் முடிக்கும் முறையும் உண்டு.

மற்றது பிராக்கிதெரபி. புற்றின் ஊடாக மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களைச் சுமார் 1 செ.மீ. இடைவெளியில் செருகி, அதற்குள் இரிடியம் கதிர்மூலத்தை இயந்திரம் அனுப்பி எடுக்கும். நாளுக்கு இரண்டு தவணை, நடுவில் குறைந்தது 6 மணி நேரம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கதிர் உள்ளிருந்து படுவதால் சுற்றுப்புறத்துக்குச் சேதம் குறைவு. தாடைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தடுப்பை வைப்பார்கள். வைக்காமல் விட்டால் எலும்பு கெடும் வாய்ப்பு கூடும். புற்று எலும்பை ஒட்டியிருந்தால் இந்த முறை ஆகாது. குழாய் செருகவும் மயக்கமோ மரப்பு ஊசியோ வேண்டும் என்பதையும், இது கழுத்துக்கு எதுவும் செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம். நன்றாகச் செய்யும் மையத்தில் சின்னப் புற்றுக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் கைப்பழக்கம் உள்ளவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கே: கதிருக்கு முன் நான்கு பல்லைப் பிடுங்கச் சொல்கிறார்கள். நன்றாகத்தானே மெல்கிறேன்?

ப: மெல்வது கணக்கில்லை, வேர் எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. கதிர் பட்ட தாடையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். பிறகு அந்த இடத்தில் பல் பிடுங்கினால் குழி மூடாது. எலும்பு வெளியே தெரியும், சீழ் கோக்கும், தாடையே முறியவும் கூடும். கீழ்த்தாடையில் அபாயம் அதிகம், அதிலும் 60 கிரேக்கு மேல் பட்ட இடத்தில். இந்த அபாயம் ஒரு வருடத்தில் தீர்ந்துவிடுவதில்லை, ஆயுசுக்கும் இருக்கிறது. அதனால் காப்பாற்ற முடியாத பல்லை முன்கூட்டியே எடுத்து, குழி ஆற இரண்டு வாரம் விட்டுத்தான் கதிரைத் தொடங்குவார்கள். மிச்சப் பற்களுக்கு, அச்சு எடுத்துச் செய்த தட்டில் 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல் விட்டுத் தினமும் வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததும் அரை மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது. பிற்காலத்தில் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் 'தாடைக்குக் கதிர் எடுத்திருக்கிறேன்' என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

கே: கதிர் எடுத்து நான்கு வாரமாகிறது. வாய் முழுக்கப் புண், விழுங்க முடியவில்லை. பத்து நாள் நிறுத்திவிட்டுத் தொடரலாமா?

ப: கூடாது. மூன்று, நான்கு வாரத்துக்குப் பிறகு, சாகாமல் மிஞ்சிய புற்று செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பில் சுமார் 1 சதவீதம் போகிறது. இயந்திரம் பழுதாகி ஒரு நாள் போனால்கூட, 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு தவணை கொடுத்தோ சனிக்கிழமை வரச்சொல்லியோ ஈடுகட்டுகிறார்கள்.

புண் இரண்டாவது, மூன்றாவது வாரம் தொடங்கி, கடைசியில் உச்சத்துக்குப் போய், முடிந்த சில வாரங்களில் ஆறும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கரைத்து, விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொப்பளியுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் எடுத்தால்தான் விழுங்க உதவும். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது காளான் தொற்று. தனி மருந்து உண்டு, காட்டுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். எடை குறைந்தால் முகமூடி தளர்ந்துவிடும், கதிர் குறி தவறும், திட்டத்தையே மறுபடி போட வேண்டி வரும். ரைல்ஸ் டியூப் போடலாம் என்றால் அதைத் தோல்வியாக நினைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். புகை பிடிக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அது கதிரின் பலனையே குறைக்கும்.

கே: ஏற்கெனவே பாக்கால் வாய் இறுகி இரண்டு விரல்தான் நுழைகிறது. எனக்கு எந்த சிகிச்சை?

ப: சாதாரணமாக மூன்று விரல் நுழைய வேண்டும், 35 மி.மீ.க்குக் கீழே போனாலே இறுக்கம்தான். கதிர் இந்த நார்த்திசுவை இன்னும் இறுக்கும். அதனால் உங்களுக்கு ஆபரேஷன் பக்கம் தராசு கூடுதலாகவே சாய்கிறது. தேவைப்பட்டால் அதே மயக்கத்தில் இறுக்கத்தையும் விடுவிக்கலாம். மயக்கவியல் மருத்துவரிடம் முன்பே காட்டிவிடுங்கள். வாய் திறக்காதவருக்கு மூக்கு வழியாகக் கேமரா வைத்த குழாயில் மூச்சுக்குழாயைப் பிடிக்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக வேண்டும். காயம் ஆறியதும் மருத்துவமனையில் தரும் மரக்குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்து, 30 விநாடி பிடித்து, ஐந்து முறை. இதை நாளுக்கு நான்கைந்து தடவை செய்யுங்கள். சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டுங்கள். பாக்கைத் தொடவே கூடாது.

கே: ஆபரேஷன், கதிர் எதுவும் இல்லாமல் கீமோ மாத்திரையிலேயே குணப்படுத்த முடியாதா?

ப: முடியாது. ஆரம்ப நிலையில் கீமோவை மட்டும் நம்பினால், குணமாகும் காலத்தைத் தொலைப்பதுதான் நடக்கும்.

கே: சிகிச்சை முடிந்தது. எத்தனை நாளுக்கு ஒரு முறை செக்கப்?

ப: முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் வருடம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு, ஐந்தாம் வருடம் வரை நான்கு முதல் எட்டு மாதத்துக்கு, பிறகு வருடம் ஒரு முறை. திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்திலேயே தலைகாட்டிவிடும் என்பதால்தான் ஆரம்பத்தில் இவ்வளவு நெருக்கம். கண்ணும் விரலும்தான் முதல் கருவி. புற்று இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. கதிர் எடுத்தவர்களுக்கு பெட் ஸ்கேன் தேவையென்றால் 12 வாரம் கழித்துத்தான். அதற்கு முன் எடுத்தால் கதிரின் அழற்சியே புற்றுபோல் ஒளிர்ந்து வீண் பயத்தைக் கிளப்பும். கழுத்துக்குக் கதிர் பட்டிருந்தால் தைராய்டு மெல்லச் சோர்ந்துபோகலாம். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் விட்டுப்போவது இதுதான். நடுவில் தழும்பில் புதிதாகக் கெட்டித்தட்டினாலோ, காதுக்குள் வலி தொடர்ந்தாலோ, கழுத்தில் ஏதாவது தட்டுப்பட்டாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.